மலைநாட்டில் ஒரு கவிஞரின் பண்ணைவீடு

ஆரணியில் நெய்த பட்டுச்சேலை கலியாண வீட்டில் தாம்பாளத்தில் வைக்கப்படும்போது, அதனருகே வெற்றிலையும் பாக்கும் வைக்கப்படுகின்றன. சேலை உள்ளூர்த் தறியில் நெய்தது. வெற்றிலை ஏதோ ஒரு கொடிக்காலில் கிள்ளியது. பாக்கு மட்டும் வெளிநாட்டான் போல வெகுதூரம் பிரயாணம் செய்து வருவது. சிவந்து பளபளக்கும் களிப்பாக்கிற்குப் பெயர்போன பிரதேசம் கர்நாடக ராஜ்யத்தைச் சேர்ந்த சிவமொக்கா ஜில்லா. முன்னாளில் சிமோகா என்று வழங்கிய அந்த ஜில்லாவில், தீர்த்தஹள்ளித் தாலுகாவில், குப்பளி என்றொரு சிற்றூர் இருக்கிறது. பாக்குத் தோட்டமும் நெல்வயலும் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பழைய வீடு அவ்வூரில் இன்றளவும் கெடாமல் நிற்கிறது. கன்னட மொழியின் பெருங்கவிஞர் குவெம்பு வளர்ந்தது அவ்வீட்டில்தான். கவிமனை என்று அதற்கு இப்போது பெயர்.

கவிஞர் வீட்டைக் காண வருவோரில் பெரும்பாலோர் புத்தகம் படித்தவர்கள். அவர்கள் கவிஞரின் படங்களையும் நூல்களின் முதற்பதிப்புகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் நிலம் வைத்திருக்கும் ஒருவர் அவ்வீட்டினுள் நுழைந்தால் அவர் கண்ணில் படுவன வேறு. கூரையின் சரிவு, முற்றத்தின் அளவு, மேல்நிலைப் பரண், மாட்டுக் கொட்டகை இருந்திருக்க வேண்டிய திசை ஆகியவற்றையே அவர் முதலில் நோக்குவார். ஏனெனில் பண்ணைவீடு என்பது வசிப்பதற்கு மட்டும் கட்டப்பட்டதன்று. ஏர், கலப்பை, கவலைச் சால் போல அதுவும் சாகுபடிக்குரிய ஒரு கருவியே.

அக்கருவியின் வடிவத்தை நிர்ணயித்தது மழை. ஆரணி வட்டாரத்தில் வருஷத்திற்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதுவும் ஏரி நிரம்புமளவு ஒழுங்காகப் பெய்தால் குடியானவன் தெய்வத்தைக் கொண்டாடுகிறான். குப்பளி இருக்கும் அதே தாலுகாவின் மேற்கு ஓரத்தில் உள்ள ஆகும்பேயில் சராசரி மழை 7,000 மில்லிமீட்டருக்கும் மேல். ஜூன் மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை வானம் வெளுப்பது அபூர்வம். இந்த மழையைத் தாங்க மலைநாட்டார் தங்கள் வீடுகளுக்குச் செங்குத்தான ஓட்டுக் கூரை போட்டு, இறவாரத்தைச் சுவருக்கு வெளியே நெடுந்தூரம் நீட்டிவிடுகிறார்கள். சுவர் நனையாதிருப்பதே அவர்களுடைய முதற் கவலை. வடஆர்க்காட்டுக் கிராமங்களில் பழைய வீட்டின் சுவர் வெயிலுக்காகத் தடித்தது. மலைநாட்டில் கூரை மழைக்காக நீண்டது.

கவிமனை மூன்று நிலைகளையுடைய பெரிய வீடு. உருண்டு திரண்ட மரத்தூண்களும் உத்தரங்களும் அதனைத் தாங்குகின்றன. நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரம் ஓடும் இத்தகைய வீட்டை அப்பக்கத்தார் தொட்டி மனை என்று அழைப்பர். தமிழ்நாட்டிலும் தொட்டிக்கட்டு வீடு என்ற சொல் உண்டாகையால் இது ஆரணி வாசகருக்குப் புதிதன்று. தெருத்திண்ணைக்கு அங்கே ஜகலி என்று பெயர். வழிப்போக்கர் உட்காருவதும், கூலி பேசுவதும், கணக்குப் பார்ப்பதும், வெற்றிலை போடுவதும் எல்லாம் அந்த ஜகலியில்தான். திண்ணையில் நடப்பது இரு நாடுகளிலும் ஒன்றே.

முற்றம் இங்கே போல நெல் உலர்த்துவதற்கு மட்டும் உரியதல்ல. மலைநாட்டில் பாக்கை முற்றிப் பழுக்க விடாமல், தோல் பச்சையாயிருக்கும்போதே குலையை இறக்கிவிடுகிறார்கள். மேல்தோலை நீக்கி, பருப்பைப் பெரிய பாத்திரங்களில் வேகவைத்து, பின்பு உலர்த்துகிறார்கள். முன்னே வெந்த பாக்கின் துவர்ச்சாறு சுண்டி எஞ்சியிருக்குமே, அதைப் புதிய பாக்கு வேகும் நீரில் கலப்பதால் செந்நிறமும் பளபளப்பும் உண்டாகின்றன. கடைகளில் களிப்பாக்கு என்று வாங்குவது இதுவே. இதற்கு மாறாக, மலைக்கு மேற்கே கடற்கரைப் பக்கத்தில் நன்றாகப் பழுத்த காயை மட்டையோடு 40 அல்லது 45 நாள் வெயிலில் காயவைத்து உரிக்கிறார்கள். வெயில் கிடைக்கும் காலமும் சந்தையின் விருப்பமும் வேறாக இருப்பதால் ஒரே பயிருக்கு இரண்டு முறைகள் ஏற்பட்டன.

வேகவைத்த பாக்கு பூஞ்சணம் பிடியாமல் விரைவில் உலர வேண்டும். அறுவடை தொடங்கும் காலத்திலோ மழை முற்றிலும் விட்டிராது. எனவே மலைநாட்டுக் குடியானவர் வீட்டு முற்றத்தில் பாக்குமரத் தண்டுகளால் உயர்ந்த பந்தல் கட்டி, அதன்மேல் பாக்கைப் பரப்புகிறார்கள். பந்தலின் மேல் பாக்கு உலர்கிறது. கீழே வீட்டார் நிழலில் வேலை செய்கிறார்கள். மேகம் கறுத்தால் ஒரு குரலில் வீடு முழுவதும் ஓடிவந்து அள்ளிவிடலாம். முற்றம் வீட்டின் நடுவில் இருப்பதன் உபயோகம் அப்போது விளங்கும். கூரையடிப் பரணும் அவ்வாறே. அடுப்புப் புகை ஏறிச் சூடு தங்கும் இடமாகையால், விதைநெல்லும் வருஷத்திற்கு வேண்டிய தின்பண்டங்களும் மழைக்காலம் முழுவதும் அங்கே நமத்துப் போகாமல் கிடக்கும்.

பாக்கு உரிக்கும் வேலை பெரும்பாலும் இரவில் நடந்தது. நிமிர்த்தி நிறுத்திய கத்தியின் முன் பெண்டிரும் கூலியாட்களும் வரிசையாக உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் உரிப்பார்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும். வாய் கதை சொல்லிக்கொண்டிருக்கும். ஆரணியில் பட்டு இழைக்கும் வீடுகளிலும் இராட்டையின் முன் இதே காரியம் நடந்ததை முதியோர் அறிவர். ஒரு குழந்தை இத்தகைய இரவுகளில் எத்தனை கதை கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், பிற்காலத்தில் அவ்வீட்டிலிருந்து ஒரு நாவலாசிரியர் தோன்றியது ஆச்சரியமாகத் தோன்றாது.

தோட்டங்கள் வீட்டுக்கு வெகுதூரத்தில் இல்லை. மலைநாட்டில் பாக்கு மேட்டில் வளராது. இரு குன்றுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தாக்கில், ஊற்றுநீர் கசியும் இடத்தில், வடிகால் வெட்டித் தோட்டம் போடுகிறார்கள். பள்ளத்தின் அகன்ற பகுதி நெல்வயல். அதற்கு மேலே வீடு. வீட்டுக்கு மேலே காடு. இந்த வரிசையில் ஒன்றையும் மாற்ற முடியாது என்பதைத் தீர்த்தஹள்ளிப் பக்கம் பிரயாணம் செய்பவர் ஒரு மணி நேரத்திற்குள் கண்டுகொள்வார்.

காட்டின் ஒரு பங்கு தழைக்காக ஒதுக்கப்பட்டது. தழைமலை என்ற பொருளில் அதனைச் சொப்பின பெட்டம் என்பர். அங்கிருந்து பச்சைத் தழையையும் சருகையும் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகையில் பரப்புவார்கள். சாணமும் கோமயமும் அதில் ஊறும். நாள்தோறும் மேலே புதுத்தழை இடப்படும். பின்பு வாரி எருக்குழியில் மக்கவைத்துப் பாக்குமரத்தின் அடியில் இடுவார்கள். அண்டையிலுள்ள வடகன்னட ஜில்லாவில் ஒரு ஏக்கர் பாக்குத் தோட்டத்திற்கு 9 ஏக்கர் வரையில் தழைமலை அனுபவிக்கும் உரிமையைச் சர்க்கார் வழங்கியிருந்தது. ஒன்றுக்கு ஒன்பது! ஒரு பயிர் நிலைத்து நிற்க, அதன் பின்னால் எவ்வளவு நிலம் ஓசையின்றி உழைக்கிறது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான கணக்கு அகப்படுவது அரிது.

வடஆர்க்காட்டில் ஜவ்வாது மலைத்தழை ஆரணி வயல்களுக்கு எக்காலத்தும் போதாது. ஆயினும் கொளுஞ்சி, ஆவாரை, புங்கந்தழை, பூவரசந்தழை ஆகியவற்றை நெல்வயலில் மிதித்து உழுவது இப்பக்கத்தாரின் பழைய பழக்கம். வரப்பிலும் ஏரிக்கரையிலும் நின்ற புங்கமரங்கள் பல வெட்டப்பட்டபின் அப்பழக்கமும் குன்றியது. தழையை வெளியிலிருந்து சுமப்பதற்குப் பதில் வயலிலேயே தக்கைப்பூண்டு விதைத்து, பூப்பதற்கு முன் மடக்கி உழுவது எளிது. மலைநாட்டாரிடம் கற்கத்தக்கது தழையன்று, கொட்டகைத் தரையில் கோமயத்தை வீணாக்காமல் உறிஞ்ச வைக்கும் அந்தப் பழக்கமே. கல் பாவிய கொட்டகையிலிருந்து கோமயம் தெருச் சாக்கடைக்கு ஓடுவதை ஆரணியைச் சுற்றிய கிராமங்களில் எத்தனை வீடுகளில் காணலாம்! ஒரு சுமை வேர்க்கடலைத் தொலியோ சருகோ இரவில் பரப்பினால் அந்த நஷ்டம் நின்றுவிடும்.

பாக்குத் தோட்டத்திற்கு மழையே உயிர், மழையே எமனும். மழைக்காலத்தில் காய்கள் அழுகிக் கொத்துக் கொத்தாய் உதிரும் வியாதி ஒன்று உண்டு. கொளெ ரோகம், அதாவது அழுகல் நோய், என்று கன்னடத்தார் அதற்குப் பெயரிட்டனர். குவெம்பு பிறந்த 1904-ஆம் வருஷத்தில் அதற்கு மலைநாட்டார் அறிந்த பரிகாரம் ஒன்றே. ஒவ்வொரு மரத்திலும் ஏறி, ஒவ்வொரு குலைக்கும் ஓலைக் குல்லாய் கட்டி, மழைநீர் படாமல் மறைப்பது. ஆயிரம் மரம் இருந்தால் ஆயிரம் முறை ஏற வேண்டும்; ஒரு மரத்தில் பல குலைகள். ஆள் கிடைக்காத குடும்பம் அவ்வருஷத்து விளைவை மறந்துவிட வேண்டியதுதான்.

கானடா தேசத்தைச் சேர்ந்த லெஸ்லி கோல்மன் என்ற விஞ்ஞானி 1908-ஆம் வருஷத்தில் மைசூர் சமஸ்தானத்தில் பூச்சியியல், பூஞ்சணவியல் நிபுணராக நியமனம் பெற்றார். அந்நோய் ஒரு பூஞ்சணத்தால் உண்டாவது என்று அவர் ஆராய்ந்து நிரூபித்து, 1910-ல் அதைப்பற்றி ஒரு வெளியீடு எழுதினார். பிரான்ஸ் தேசத்தில் திராட்சைக் கொடிக்கு 1880-களில் கண்டுபிடிக்கப்பட்ட போர்டோக் கலவையை மழை தொடங்குமுன் குலைகளின்மேல் தெளித்தால் காய் தப்பும் என்பது அவர் கண்ட முடிவு. பெருமழையில் மருந்து கழுவிப் போகாமல் ஒட்டியிருக்க ரோசினும் சலவைச் சோடாவும் சேர்த்தனர். குல்லாய் கட்டும் வேலை படிப்படியாகக் குறைந்தது. கோல்மன் பின்னர் மைசூர் விவசாய இலாகாவின் தலைவராகி வெகுகாலம் பணிபுரிந்தார்.

நூறு வருஷத்திற்கு மேலாகியும் அக்கலவை இன்னும் வழக்கொழியவில்லை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது ஒரு சதவீதக் கலவையின் அளவு. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றவேண்டும்; மாற்றி ஊற்றலாகாது. இரும்பு, தகரப் பாத்திரங்கள் கூடா. கலவை தயாரானபின் தீட்டிய கத்தி ஒன்றைச் சிறிதுநேரம் அதில் முக்கி எடுக்க, அதன்மேல் செம்பின் நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அறியலாம். செய்த நாளிலேயே தெளித்துவிட வேண்டும். பாக்குக்கு ஜூன் மாத மழைக்கு முன் ஒருமுறையும், அதிலிருந்து 40 அல்லது 45 நாட்களில் மறுமுறையும் அடிக்கிறார்கள்.

பாக்கைப்பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத வெறும் பாக்கை மெல்லுவதும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று வகைப்படுத்தியுள்ளது. தாம்பாளத்தில் வைப்பது ஒன்று. நாள்முழுதும் வாயில் அடக்குவது வேறு.

இனி வீட்டாரைப்பற்றி. குப்பளி வெங்கடப்ப புட்டப்பா என்பதன் முதலெழுத்துக்களே குவெம்பு என்ற புனைபெயராயின. தாயார் சீதம்மாவின் பிறந்தகமான ஹிரேகொடிகெயில் 1904-ஆம் வருஷம் டிசம்பர் 29-ஆம் தேதி அவர் பிறந்தார். வளர்ந்தது குப்பளியில். அருகில் பள்ளிக்கூடம் இல்லாததால், தென்கன்னடத்திலிருந்து வாத்தியார் ஒருவரைத் தருவித்து வீட்டிலேயே பிள்ளைகளுக்கு எழுத்து கற்பித்தார்கள். நிலவருவாயில் ஒரு பகுதியைக் கல்விக்கு ஒதுக்கிய அக்குடும்பத்தாரின் முன்யோசனை பாராட்டத்தக்கது. பன்னிரண்டு வயதில் தந்தை காலமானார். பின்பு தீர்த்தஹள்ளியிலும் மைசூரிலும் படிப்பு நடந்தது. முதலில் ஆங்கிலத்தில் கவி புனைந்த இளைஞரை, தாய்மொழியில் எழுதும்படி தூண்டியவர் ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கஸின்ஸ். ஆங்கிலேயர் ஆண்ட நாளில் ஓர் அன்னியர் அந்த யோசனை கூறியதும், அதை இவர் ஏற்றதும் கன்னட நாட்டின் பாக்கியம்.

1949-ல் வெளிவந்த அவருடைய ஸ்ரீ ராமாயண தரிசனம் என்ற மகாகாவியத்திற்கு 1967-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு கிடைத்தது. கன்னடத்திற்கு அப்பரிசு வந்தது அதுவே முதல் தடவை. 1956 முதல் 1960 வரை மைசூர் சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தார். ஏர் பிடிப்பவனை யோகியாகப் பாடிய அவருடைய பாட்டு ஒன்று கர்நாடகத்தில் விவசாயிகளின் கீதமாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் விவசாயிகள் முக்கியமாக அறியவேண்டுவன அவருடைய இரண்டு நாவல்கள். ஒன்று 1936-ல் வெளியான கானூரு ஹெக்கடிதி. மற்றொன்று 1967-ல் வெளியான மலெகளல்லி மதுமகளு. மலைகளில் மணமகள் என்று பொருள். இரண்டும் மலைநாட்டுப் பண்ணைவீடுகளின் கதை. பாகப்பிரிவினையில் வீடு எவ்வாறு உடைகிறது, கடன் எவ்வாறு நுழைகிறது, படித்த பிள்ளைக்கும் படியாத பெரியவருக்கும் இடையே நிலம் எவ்வாறு தவிக்கிறது என்பதெல்லாம் அங்கே வருகின்றன. பங்காளி வழக்கில் பாதி நிலத்தை வக்கீலுக்குக் கொடுத்த குடும்பங்கள் வடஆர்க்காட்டிலும் இல்லாமற் போகவில்லை.

அந்நாவல்களில் வீட்டுக்காரர் மட்டுமே பேசவில்லை. பண்ணையாட்களும், குடிசைகளில் வாழ்ந்த பெண்டிரும், கள் இறக்குவோரும், அடிமை போல் கட்டுண்டு கிடந்தோரும் பேசுகிறார்கள். மலெகளல்லி மதுமகளுவில் குத்தி என்னும் ஏழைப் பணியாளும் அவனுடைய நாயும் பெறும் இடம், எந்த ஹெக்கடெக்கும் குறைந்ததன்று. மிராசுதார் வீட்டில் பிறந்த ஒருவர் தம் வீட்டின் பின்வாசலிலிருந்து அந்த வீட்டைப் பார்த்து எழுதினார் என்பதே அவருடைய பெருமை. கவிமனையில் தூண்களின் கனத்தைக் கண்டு வியப்பவர், அம்மரங்களைக் காட்டிலிருந்து சுமந்தவர் யார் என்று கேட்டால், விடை வீட்டினுள் இல்லை, நாவலில் இருக்கிறது.

அந்தக் கேள்வி கதையோடு நிற்கவில்லை. அதே ஜில்லாவில் சாகரத் தாலுகாவைச் சேர்ந்த காகோடு என்ற கிராமத்தில் 1951-ஆம் வருஷம் குத்தகைதாரர் சத்தியாக்கிரகம் செய்தனர். தகராறு ஒரு படியைப்பற்றியது. குத்தகை நெல்லை அளக்கும் கொளகம் என்ற அளவை, நிலச்சொந்தக்காரர் பெரிதாக வைத்திருந்தனர் என்பது குத்தகைதாரரின் முறையீடு. டாக்டர் ராம் மனோகர் லோகியா அங்கு வந்து சிறைப்பட்டார். இருபதிற்கும் மேற்பட்ட வருஷங்களுக்குப் பின், 1974-ல் திருத்தப்பட்ட நிலச்சீர்திருத்தச் சட்டம் கர்நாடகத்தில் குத்தகைதாரரையே உடைமையாளராக்க வழி செய்தது. ஒரு மரக்காலின் விளிம்பு விரற்கடை உயர்ந்திருந்ததன் பலனைக் கிராம அதிகாரிகள் எண்ணிப்பார்ப்பது நன்று.

குவெம்பு 1994-ஆம் வருஷம் நவம்பர் 11-ஆம் தேதி மைசூரில் காலமானார். அவரது உடல் குப்பளிக்குக் கொண்டுவரப்பட்டு, வீட்டுக்கு மேலேயுள்ள பாறைக்குன்றில் அடக்கம் செய்யப்பட்டது. இளமையில் அவர் உட்கார்ந்து சூரியாஸ்தமனம் பார்த்த அக்குன்றுக்குக் கவிசைலம் என்று பெயர். பழங்காலப் பெருங்கற் சின்னங்களைப் போன்ற பெரிய கற்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பொன்னெழுத்தும் பளிங்குமில்லாத இந்த ஏற்பாடு இடத்திற்குப் பொருந்தியிருக்கிறது.

அவருடைய மூத்த குமாரர் பூர்ணசந்திர தேஜஸ்வியின் வரலாறு விவசாயிகளுக்கு இன்னும் சுவையானது. துணைவேந்தரின் பிள்ளை, எம். ஏ. படித்தவர், உத்தியோகத்தை நாடாமல் சிக்கமகளூரு ஜில்லாவில் மூடிகெரெக்குச் சென்று காப்பித் தோட்டம் போட்டார். மண்ணையும் பூச்சியையும் பறவையையும் நேரில் கவனித்து எழுதினார். 1980-ல் வெளியான அவருடைய கர்வாலோ என்ற நாவலில் விஞ்ஞானியும் குடியானவனும் தேன் எடுப்பவனும் சேர்ந்து காட்டுக்குள் ஓர் அபூர்வப் பிராணியைத் தேடிப்போகிறார்கள். 2007-ல் தம் தோட்டத்து வீட்டிலேயே மறைந்தார். அக்குடும்பத்தில் இலக்கியமும் நிலமும் இரண்டாம் தலைமுறையிலும் பிரியவில்லை. நிலம் மட்டும் வேறு ஊரில் அமைந்தது.

குப்பளி வீட்டை ராஷ்டிரகவி குவெம்பு பிரதிஷ்டானம் என்ற அமைப்பு புதுப்பித்துக் காட்சிச்சாலையாக்கியது. ஏர்க்கருவிகள், சமையற் பாத்திரங்கள், அளவைகள், கூடை முறங்கள் எல்லாம் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. 2015-ல் திருடர் புகுந்து கவிஞரின் பதக்கங்களைக் கவர்ந்து சென்றனர். காவல் வைக்காத பரணில் கலப்பை தப்பும். பதக்கம் தப்பாது போலும்.

வீட்டைக் காப்பாற்றியோரின் உழைப்பைக் குறைகூற இடமில்லை. ஆயினும் சாணத்தின் வாசனையும் வேகும் பாக்கின் ஆவியும் இல்லாத பண்ணைவீடு பாதி வீடே. இங்கிலாந்தில் பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற அம்மையார் குழந்தைகளுக்கான கதைப்புத்தகங்களால் ஈட்டிய பணத்தைக் கொண்டு 1905-ல் ஹில் டாப் என்னும் சிறு பண்ணையை வாங்கினார். மேலும் மேலும் பண்ணைகள் வாங்கி, ஹெர்ட்விக் என்ற அந்நாட்டு மலை ஆட்டினத்தை வளர்ப்பதில் முனைந்தார். 1943-ல் இறந்தபோது 14 பண்ணைகளையும் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் தேசியப் பாதுகாப்பு அறநிலையம் ஒன்றுக்கு எழுதிவைத்தார். மலைப்பண்ணைகளில் அந்த ஆட்டினத்தையே தொடர்ந்து வளர்க்க வேண்டுமென்பது அவர் விருப்பம். வீட்டோடு ஆட்டையும் சேர்த்துச் சாசனம் எழுதிய அம்மையாரின் யோசனையை அறநிலையம் வைப்போர் கவனிக்கலாம். குப்பளியில் ஒரு கால் ஏக்கர் பாக்கும், நான்கு மலைநாட்டு மாடுகளும், ஒரு கொட்டகை தழையும் இருந்தால் வருவோருக்கு அந்த வீடு தானே பாடம் சொல்லும்.

ஆரணி வட்டாரத்திலும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாய்ப் பிரிக்கப்படுகின்றன. ஆரணி என்ற பெயரைத் தம் பெயரின் முன் தாங்கிய குப்புசாமி முதலியார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவல்களால் தமிழ்நாடெங்கும் புகழ்பெற்றார். அவரைப்போன்றோர் படித்த திண்ணைப் பள்ளிகளும் புத்தகம் வைத்த மாடங்களும் இருந்த இடம் தெரியவில்லை. பிரிக்கப்படும் வீட்டில் தேக்கு மரத்திற்கும் பித்தளைக்கும் மட்டும் விலை பேசுகிறார்கள். பரணில் கிடக்கும் ஏட்டுக்கட்டும், பாட்டனார் காலத்துச் சாகுபடிக் கணக்கும், பட்டாவும், குத்தகைச் சீட்டும் குப்பையோடு போகின்றன. உ. வே. சாமிநாதையர் இத்தகைய பரண்களைத் தேடித் தேடி அலைந்ததனாலன்றோ சங்கநூல்கள் அச்சேறின! எந்தக் கிணற்றில் எந்த வருஷம் எத்தனை முழம் தண்ணீர் நின்றது, எந்த நெல் எந்தப் பட்டத்தில் விதைக்கப்பட்டது என்று பழைய கணக்கில் எழுதியிருந்தால், அது இன்று மண்ணியல் நிபுணர் நூறு துளை போட்டும் அறிய முடியாத செய்தி.

வீடு பிரிப்பதென்று முடிவாகிவிட்டால் ஒரு நாள் தாமதித்து, நான்கு புறமும் படம் பிடித்து, முற்றம், குதிர், பரண், கொட்டகை ஆகியவற்றின் நீள அகலத்தைக் குறித்து வைப்பது செலவில்லாத வேலை. கவலை ஓட்டிய முதியவர் உயிரோடிருந்தால், சாலும் தோல்வாயும் வடமும் எப்படிப் பொருத்தப்பட்டன என்று அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஏடுகள் இருப்பின் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திற்குத் தெரிவிக்கலாம். கிராம அதிகாரிகள் தம் சுற்றுப்பிரயாணத்தில் இத்தகைய வீடுகளைக் கண்டால் உரிமையாளரிடம் இதை எடுத்துச் சொல்வது உபகாரமாகும்.

குப்பளிக்குச் செல்ல விரும்புவோர் களம்பூரிலுள்ள ஆரணி ரோடு ஸ்டேஷனில் ரயிலேறிக் காட்பாடி சென்று, அங்கிருந்து பெங்களூர் வழியாகச் சிவமொக்காவை அடையலாம். சிவமொக்காவிலிருந்து தீர்த்தஹள்ளிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் பஸ் பிரயாணம். துங்கா நதிக்கரையிலுள்ள அவ்வூரில் இரவு தங்கிக் காலையில் புறப்பட்டால் குப்பளி சமீபமே. ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்பவர் குடையோடு, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் எடுத்துச் செல்ல வேண்டும். பாக்கு வேலையைப் பார்ப்பதே நோக்கமாயின் நவம்பர் மாதம் தக்கது. அப்போது வழியிலுள்ள தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால், மாலையில் அடுப்பு மூட்டும் நேரத்தைச் சொல்வார்கள்.